கடல் சூழ்ந்த தலைநகரம்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற தை மாதம் நம் கிளையிலிருந்து பதினான்கு பேர் அந்தமானுக்குப் போய்வந்தோம். அதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். "ஊர் எப்படி, சாப்பாடு எப்படி, தங்க இடம் எப்படி, இந்த மூன்றையும் சொன்னால் போதும். மற்ற கிளைக்காரர்களுக்கும் உபயோகப்படும்" என்றார். மூன்றையும் சொல்கிறேன். ஆனால் புறப்படுவதற்கு முன்பே இரண்டு கேள்விகள் எழுந்தன. ஒரு பெரியவர், "கடல் தாண்டிப் போகலாமோ?" என்று கேட்டார். ஒரு மாமி, "நாலு நாள் நிம்மதியாக இருக்கப் போகிற இடத்தில் ஜெயிலை எதற்குப் போய்ப் பார்க்க வேண்டும்?" என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். என்னால் முடிந்த பதிலை உரையின் பின்பகுதியில் சொல்கிறேன்.

ஊரும் பெயரும்

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பெயர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் மத்திய அரசு அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் சூட்டியது. ஆட்டோக்காரரிடம் எந்தப் பெயரைச் சொன்னாலும் புரிகிறது. எதிரே உள்ள ராஸ் தீவு 2018 டிசம்பரிலேயே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆகிவிட்டது. ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. படகுச் சீட்டில் புதுப் பெயர், வாய்வழக்கில் பழைய பெயர். இரண்டையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

1789ல் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை அதிகாரி இங்கே சாத்தம் தீவில் முதல் குடியிருப்பை ஏற்படுத்தினார். சில வருஷங்களில் அதை வடக்கே மாற்றினார்கள். அங்கே நோய் தாங்காமல் 1796ல் கைவிட்டார்கள். அதன்பின் அறுபது வருஷம் யாரும் தொடவில்லை. 1857 எழுச்சிக்குப் பிறகு, கைதிகளை எங்கே அனுப்புவது என்று ஆங்கிலேயர் யோசித்தபோது இந்த இடம் மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. 1858 மார்ச் 10ம் தேதி டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். அன்று தொடங்கியதுதான் இந்தத் தலைநகரம். மற்ற தலைநகரங்களை ராஜா கட்டினார், வியாபாரிகள் வளர்த்தார்கள். இந்த ஊரைக் காடு வெட்டி, சதுப்பு நிலம் தூர்த்து உண்டாக்கியவர்கள் விலங்கு பூட்டிய மனிதர்கள்.

நம்மவர்களுக்கு ஒரு சுவாரஸ்யம். ராஜேந்திர சோழரின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று ஒரு பெயர் வரும். அது நிக்கோபார். அவருடைய கடற்படை 1025 வாக்கில் போனது ஸ்ரீவிஜய ராஜ்யத்தின் மேல். அந்தப் பக்கத்துத் தீவுகளின் தலைநகருக்கு இன்று ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். சரித்திரத்துக்கும் கொஞ்சம் ஹாஸ்ய உணர்ச்சி உண்டு போலிருக்கிறது!

போவதும் வருவதும்

சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் 2 மணி நேரம். விமான நிலையத்துக்கு வீர சாவர்க்கர் பெயர். 2023 ஜூலையில் சிப்பி வடிவத்தில் புதிய முனையம் திறந்தார்கள். சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பலும் உண்டு. சென்னையிலிருந்து ஏறக்குறைய மூன்று நாள். கப்பல் தினமும் கிடையாது. தேதியும் மாறக்கூடும். அறுபது வயதைத் தாண்டியவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் விமானத்திலேயே போங்கள். இளைஞர்கள் ஒரு வழியாவது கப்பலில் போய்ப் பாருங்கள். மூன்று நாள் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாதபோதுதான் இந்தத் தீவுகளின் தூரம் நமக்கு உறைக்கும்.

இரண்டு பருவமழையும் அங்கே பெய்யும். மே மாதம் ஆரம்பித்தால் டிசம்பர் வரை மழைதான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை போவது உத்தமம். கடலும் அப்போது அமைதியாக இருக்கும்.

கடிகாரமும் சந்தியாவந்தனமும்

இந்த விஷயத்தைப் பயணக் கையேடு எதிலும் நான் பார்க்கவில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னை ஏறக்குறைய 80¼ பாகை கிழக்கு. இந்த ஊர் 92¾ பாகை. வித்தியாசம் 12½ பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்றால் 50 நிமிஷம். கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றே. சூரியன் மட்டும் அங்கே 50 நிமிஷம் முந்திக்கொள்கிறார். தை மாதத்தில் காலை 5.45க்கு உதயம், மாலை 5.15க்கு அஸ்தமனம். கார்த்திகை கடைசியில் மாலை 5 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். ஆனி மாதத்தில் காலை 5 மணிக்கே விடிந்துவிடும். சென்னை ஞாபகத்தில் "ஆறு மணிக்குப் பண்ணிக்கொள்ளலாம்" என்று இருந்தால் சாயங்கால அர்க்கிய காலம் தாண்டிவிடும்.

சென்னைப் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க: திதி, நட்சத்திரம் முடியும் கடிகார நேரம் மாறாது. மாறுவது உதயமும் அஸ்தமனமும், அவற்றை வைத்துக் கணக்கிடும் ராகு காலம் முதலியவையும்தான். உதயத்தில் எந்தத் திதி இருக்கிறது என்பதும் சில நாளில் வேறுபடலாம். சிராத்த திதி குறுக்கே வருமானால், புறப்படுமுன் வாத்தியாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பயணத் திட்டத்துக்கும் இது முக்கியம். காலை 6 மணிக்கே நல்ல வெளிச்சம் இருக்கும்போது அறையில் தூங்கிவிட்டு, மாலை 4 மணிக்கு மேல் கடற்கரைக்குக் கிளம்பினால் பார்க்க ஒன்றும் இருக்காது.

தங்குமிடம்

மூன்று வகை உண்டு. கடலைப் பார்த்தபடி குன்றின்மேல் உள்ள பெரிய ஓட்டல்கள் முதல் வகை. இவற்றில் பே ஐலண்ட் என்ற ஓட்டலைக் கட்டியவர் பிரசித்தி பெற்ற கட்டடக்கலைஞர் சார்ல்ஸ் கொரியா. சரிவின் போக்கிலேயே படிப்படியாக இறங்கும் கூரைகள். தங்காவிட்டாலும் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு அந்த மேடையிலிருந்து கடலைப் பார்த்துவிட்டு வரலாம். இரண்டாவது, அபர்தீன் பஜாரைச் சுற்றியுள்ள நடுத்தர லாட்ஜுகளும், ஹாடோ முதலிய இடங்களில் உள்ள அரசாங்க விடுதிகளும். மூன்றாவது, குடும்பங்கள் நடத்தும் வீட்டு விடுதிகள்.

எங்கள் குழு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து டாலிகஞ்ச்சில் தங்கியது. ஊருக்குத் தெற்கே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில், டிரங்க் ரோட்டின் மேல் உள்ள புறநகர் அது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அங்கிருந்து கடல் தெரியாது. பட்டறைகளும் கிடங்குகளும் கடைகளும் உள்ள உழைக்கும் ஜனங்களின் பேட்டை. பின்பக்கம் தென்னையும் பாக்கும். ஆனால் சமையலறையோடு முழு வீடு கிடைத்தது. வாடகை பஜாரைவிடக் குறைவு. பஸ்ஸும் ஆட்டோவும் வாசலில். எல்லாவற்றையும்விட, ஊர் ஜனங்களோடு இருந்தோம். காலையில் டீக்கடை பெஞ்சில் வங்காளம், ஹிந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாம் ஒரே சமயத்தில் கேட்கும். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தத் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம். ஆகவே பாஷை ஒரு கஷ்டமே இல்லை. "எந்த ஊர் நீங்க?" என்று கேட்டால் "இந்த ஊர்தான், தாத்தா ராமநாதபுரம்" என்று பதில் வருகிறது.

எங்கே தங்கினாலும் முன்பணம் அனுப்புவதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, தண்ணீர். சுற்றிலும் கடல் இருந்தாலும் குடிதண்ணீருக்குத் தனிக்காரி அணையைத்தான் ஊர் நம்பியிருக்கிறது. கோடையில் குழாயில் தினமும் தண்ணீர் வராது. விடுதியில் தொட்டி எவ்வளவு பெரிது என்று விசாரியுங்கள். நாமோ விடிகாலையில் பதினான்கு பேரும் ஸ்நானம் செய்கிறவர்கள்! இரண்டாவது, படிகள். ஊரே மேடும் பள்ளமும். "ரோட்டிலிருந்து அறை வரை எத்தனை படி?" என்று கேளுங்கள். முழங்கால் உங்களை வாழ்த்தும். மூன்றாவது, நாற்காலி போன்ற கழிப்பறை உண்டா என்பது. நான்காவது, சமைக்க அனுமதி உண்டா என்பது. "சுத்த சைவம்" என்று தொலைபேசியில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். எங்களுக்கு முதலில் பேசிவைத்த ஒரு விடுதியில் அப்படித்தான் சொன்னார்கள். நேரில் விசாரித்தபோது சமையலறை ஒன்றே, பாத்திரம் மட்டும் வேறு என்று தெரிந்தது.

சாப்பாடு

மீன்தான் அந்த ஊரின் பிரதான உணவு. அது இயற்கை, அதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. நமக்கும் வழி இருக்கிறது. அபர்தீன் பஜாரில் சைவ ஓட்டல்கள் உள்ளன. இட்லி, தோசை, பொங்கல், மதியம் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். தனித்தீவுகளுக்குப் போகும் நாளில்தான் சிரமம். அன்றைக்குக் கட்டுச்சாதமே கதி.

காய்கறியில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. கப்பல் வந்த மறுநாள் சந்தையில் கத்தரிக்காய், முட்டைகோஸ், உருளை எல்லாம் பளபளவென்று இருக்கும். கப்பல் தாமதமானால் வாடும், விலையும் ஏறும். ஆகவே உள்ளூரில் விளைவதை வைத்தே எங்கள் மாமிகள் சமைத்தார்கள். தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை. வாழைக்காய், வாழைப்பூ, பூசணி, பப்பாளிக்காய், கீரை. ஒரு நாள் வாழைக்காய்ப் பொடிமாஸ், பூசணிக்காய் மோர்க்கூட்டு. மறுநாள் பப்பாளிக்காய்க் கூட்டு, தேங்காய் சாதம். ஏகாதசியன்று இளநீரும் வாழைப்பழமும். நம் ஊரில்கூட இவ்வளவு நல்ல இளநீர் சாப்பிட்டதில்லை.

எடுத்துப் போக வேண்டியவை: சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அப்பளம், ஊறுகாய். பால் நம் ஊர்போல் தாராளமாகக் கிடைப்பதில்லை; பால்பவுடர் ஒரு பொட்டலம் அவசியம். பில்டரும் காபிப்பொடியும் எடுத்துப் போகச் சொல்லி நான் உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

தெய்வ தரிசனத்துக்கு வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று காவடி எடுப்பவர்களில் தமிழர் மட்டுமல்ல, பிற மொழிக்காரர்களும் உண்டு என்று அங்குள்ளவர்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

ஊரின் சூழல்

சாயங்காலம் அபர்தீன் படகுத்துறைப் பக்கம் நடந்தால் ஊரின் மனசு தெரியும். மணிக்கூண்டு, இறங்கும் தெரு, அதன் முடிவில் கடல், கடலுக்கு அப்பால் கையெட்டும் தூரத்தில் ராஸ் தீவு. சாத்தம் மரஅறுவை ஆலையையும் பாருங்கள். 1883ல் ஆரம்பித்தது. 1942ல் ஜப்பானியர் போட்ட குண்டின் பள்ளத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

ராஸ் தீவுக்குப் படகில் கால்மணி நேரம்கூட ஆகாது. 1858 முதல் 1941 வரை உண்மையான தலைநகரம் அதுதான். மிகச் சிறிய தீவு. அதற்குள் தலைமை ஆணையர் மாளிகை, மாதாகோவில், நடன மண்டபம், டென்னிஸ் மைதானம், நீச்சல்குளம், ரொட்டி சுடும் அடுப்பு, அச்சகம், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், எல்லாம் இருந்தன. 1941 ஜூன் 26ல் பெரிய பூகம்பம். 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். அதோடு அந்தத் தலைநகரின் கதை முடிந்தது. இன்று சுவர்களை ஆலவேர் பின்னிப் பிடித்திருக்கிறது. கூரை இல்லாத நடன மண்டபத்துக்குப் பக்கத்தில் மான் மேய்கிறது. கூட வந்த ஒரு பெரியவர், "அதிகாரம் என்பது இவ்வளவுதான்!" என்றார். ஒரு உபன்யாசம் கேட்ட பலன்.

ராஸுக்கும் சிறைக்கும் வார விடுமுறை உண்டு. படகுச் சீட்டு வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் கிடக்கும் சிப்பி, பவளம் எதையும் எடுத்து வராதீர்கள். பல வகைகள் வனவிலங்குச் சட்டத்தில் வருகின்றன, விமான நிலையத்தில் பிடிப்பார்கள். டிரங்க் ரோட்டில் வடக்கே போகிறவர்கள் வழியில் ஜாரவா மக்களைக் கண்டால் படம் எடுக்கவோ தின்பண்டம் நீட்டவோ வேண்டாம். அது குற்றம். குற்றம் இல்லாவிட்டாலும் அநாகரிகம்.

கடல் தாண்டலாமா?

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். நம்முடைய பௌதாயன தர்மசூத்திரத்தில் கடல் யாத்திரை பதனீயமான செயல்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருப்பது உண்மைதான். அந்த நம்பிக்கை நம் குடும்பங்களில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்குக் கணித மேதை ராமானுஜன் ஒருவரே சாட்சி. 1914ல் சீமைக்குக் கப்பல் ஏறினார். 1920ல் அவர் காலமானபோது, கடல் தாண்டியவர் என்பதால் உறவினர் பலர் அந்திமக் கிரியைக்கே வரவில்லை என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஆங்கிலேயருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கைதியைக் கடல் தாண்டி அனுப்பினால் அவன் ஜாதி போகும், ஊர் போகும், உறவு போகும். தூக்கைவிட அதற்கு அதிகம் பயப்படுவான் என்று கணக்குப் போட்டார்கள். காலாபானி என்ற சொல்லின் பயங்கரம் அதுதான். அதாவது, நாம் புனிதம் என்று வைத்திருந்த ஒரு கட்டுப்பாட்டை, எதிரி நம்மைத் தண்டிக்கும் ஆயுதமாக்கிக்கொண்டான். தண்டனை முடிந்த பலர் ஊருக்குத் திரும்பவில்லை. திரும்பினால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? பல பிரதேசத்தவரும் பல ஜாதியாரும் பல மதத்தினரும் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்தினார்கள். அவர்கள் சந்ததியினரை "லோக்கல் பார்ன்" என்பார்கள். எங்களுக்கு வண்டி ஓட்டியவர் அந்த வம்சம். பாட்டனார் என்ன ஜாதி என்று எங்களில் ஒருவர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். "கைதி" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை.

பம்பாயிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் நாம் இந்தக் கேள்வியை எப்போதோ நடைமுறையில் தீர்த்துவிட்டோம். ஆனாலும் தம் மனசுக்கு ஒவ்வாத பெரியவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். போகிறவர்களைத் தடுக்கவும் வேண்டாம்.

ஜெயிலை எதற்குப் பார்க்க வேண்டும்?

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது.

செல்லுலார் சிறை 1896ல் ஆரம்பித்து 1906ல் கட்டி முடிந்தது. நடுவில் கோபுரம், சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் ஏழு சிறகுகள், மூன்று மாடி, 693 அறைகள். ஒவ்வொரு அறையும் பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். ஒரு சிறகின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பதுதான் திட்டம். இன்று மூன்று சிறகுகளே மிச்சம். 1979ல் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணிக்கப்பட்டது. மாலையில் ஒளி-ஒலிக் காட்சி உண்டு. வாசலில் நிற்கும் அரசமரம் கதை சொல்வதுபோல் அமைத்திருக்கிறார்கள்.

உள்ளே செக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். மாட்டுக்குப் பதில் மனிதன். ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும், கிட்டத்தட்ட பதின்மூன்றரை கிலோ. குறைந்தால் அடி. காலையில் தேங்காய்ச் சட்னியைப் பற்றி "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் போன எங்களுக்கு அந்தச் செக்கின் முன் வார்த்தை வரவில்லை.

அலிப்பூர் குண்டு வழக்கில் வந்த உல்லாஸ்கர் தத்தா என்ற வங்காள இளைஞர் இங்கே சித்தம் கலங்கிப் போனார். அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? நம் சென்னை மனநல மருத்துவமனைக்கு. இந்தக் கதையின் ஒரு அத்தியாயம் நம் ஊரிலேயே நடந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியாது.

சிறைக்கு எதிரே பூங்காவில் சிலைகள் உள்ளன. அவற்றில் ஒன்று பண்டிட் ராம் ரக்கா. பஞ்சாப் தேசத்துப் பிராமணர். பர்மாவில் சதி வழக்கில் தண்டனை பெற்று வந்தவர். சிறையில் பூணூலைக் கழற்றச் சொன்னார்கள். பூணூல் இல்லாமல் ஆகாரம் தொடமாட்டேன் என்று பட்டினி கிடந்தார். அதன் விளைவாக அங்கேயே உயிர் விட்டார். அந்தச் சிலையின் முன் எங்கள் குழுவில் இரண்டு பேர் தங்களை அறியாமல் மார்பில் கை வைத்தார்கள். ஆவணி அவிட்டத்தன்று அவசரத்தில் பூணூல் மாற்றிக்கொண்டு ஆபீசுக்கு ஓடுகிற நமக்கு, அந்த மூன்று இழை நூல் ஒரு மனிதருக்கு என்னவாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டு நான் உட்கார்ந்துவிடலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அதே ஊரில், படகுத்துறைக்குப் பக்கத்தில் இன்னொரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. 1859 மே மாதம், தங்கள் காட்டைக் காப்பாற்ற அந்தமான் ஆதிகுடிகள் வில்லும் அம்புமாக ஆங்கிலேயர்மேல் படையெடுத்தார்கள். அதுதான் அபர்தீன் சண்டை. அவர்கள் தோற்றதற்கு ஒரு காரணம் தூத்நாத் திவாரி. தப்பியோடிய கைதி. அந்த ஜனங்கள் அவரைக் கொல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள், பெண்ணும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் அவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு, படையெடுப்புச் செய்தியை முன்கூட்டியே ஆங்கிலேயரிடம் சொன்னார். மன்னிப்புக் கிடைத்தது. அந்த ஆதிகுடியில் இன்று சில பத்துப் பேர்தான் மிச்சம். திவாரி என்ற பெயர் எந்த வகுப்பைக் குறிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ராம் ரக்காவை நம்மவர் என்று எடுத்துக்கொண்டால் திவாரியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேருமே பிறப்பால் ஒன்று. பூணூலுக்கு மதிப்பு அதை அணிந்தவன் நடந்துகொண்டதால் வந்தது. நம் சங்க மேடைகளில் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் பெருமைகளை இந்த அளவுகோலில் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

அந்தப் பூங்காவில் மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் ஆகியோரின் சிலைகளும் உண்டு. 1933 மே மாதம் உண்ணாவிரதம் இருந்தவர்கள். அவர்கள் கேட்டது மனிதன் சாப்பிடக்கூடிய சாப்பாடு, இரவில் விளக்கு, படிக்கப் புத்தகம், செய்தித்தாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வலுக்கட்டாயமாகப் பால் ஊற்றினார்கள். மூவரும் இறந்தார்கள். உடல்களை உறவினரிடம் ஒப்படைக்கவில்லை, கடலில் விட்டார்கள் என்று சொல்வார்கள். "அந்த ஊரில் சாப்பாடு எப்படி?" என்பது நம்முடைய முதல் கேள்வி. அதே ஊரில் சாப்பாட்டுக்காகவே உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். மாமி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். இங்கே நிம்மதியாக நாலு நாள் இருந்துவிட்டு வரலாம், தவறே இல்லை. ஆனால் அந்த நிம்மதி யார் கொடுத்தது என்று பார்க்காமல் திரும்பக்கூடாது.

துயரம் அதோடும் நிற்கவில்லை. ஜப்பானியர் காலத்தில், 1944 ஜனவரியில், டாக்டர் திவான் சிங் இதே சிறையில் சித்திரவதையில் மாண்டார். அந்த மாத இறுதியில் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இத்தனைக்கும் ஒரு மாதம் முன்புதான், 1943 டிசம்பர் 30ம் தேதி, நேதாஜி இதே ஊரில் தேசியக் கொடி ஏற்றினார். ஊர் கொண்டாடியது ஒரு நாள், அழுதது பல நாள்.

என் வேண்டுகோள்

மற்ற கிளைகளும் யாத்திரை ஏற்பாடு செய்யப் போவதாகக் கேள்வி. மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, சிறையைக் கடைசி நாள் விமானத்துக்கு முன் ஒரு மணி நேரத்தில் முடிக்காதீர்கள். முதல் நாள் காலையிலேயே பாருங்கள். பிறகு பார்க்கும் கடலும் தோப்பும் வேறு மாதிரித் தெரியும்.

இரண்டு, தூக்குமேடையில் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் ஓடினால் கையைப் பிடித்துக்கொண்டு, யார் எந்த அறையில் இருந்தார் என்று சொல்லுங்கள். பூங்காவில் ஆறு பெயர்களையாவது படிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நம் சம்பிரதாயத்துக்கு உட்பட்டது. அமாவாசைத் தர்ப்பணத்தின் முடிவில் கூர்ச்சத்தைப் பிரித்து ஒரு முறை எள்ளும் ஜலமும் விடுகிறோம். தகப்பன், சகோதரன், பந்து, கோத்திரத்தார் என்று எவருமே இல்லாதவர்களுக்காக அது. வாத்தியார் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார், நாமும் வேகமாக விட்டுவிடுவோம். அதில் ஜாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, குற்றவாளியா நிரபராதியா என்றும் கேட்பதில்லை. கடல் தாண்டியதால் உறவு அறுந்து, கரை திரும்பாமல் போனவர்களைவிட அந்த ஜலத்துக்கு உரியவர்கள் வேறு யார்? அடுத்த அமாவாசையன்று எந்த ஊரில் இருந்தாலும், அந்த ஒரு அஞ்சலியை மட்டும் நிதானமாக, அவர்களை நினைத்து விடுங்கள். இதற்கு டிக்கெட்டும் வேண்டாம், விடுதியும் வேண்டாம்.

பயண விவரங்கள், செலவுக் கணக்கு வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். அவர் எல்லாவற்றையும் பைசா சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார்.